பம்புக்குக் காது வைத்தவர்

நான் ஊர் சுற்றக் கிளம்பிய புதன்கிழமை, அண்ணி வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. பெட்டியோடு அவர் அறைக்குப் போனேன். ஒரு காலை நாற்காலிமேல் மடக்கி, பென்சிலைக் கடித்தபடி, திரையில் இருந்த சர்வர் முகவரியை எழுத்தெழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். "இரு நாத்தனாரே. தப்பான வீட்டுல பொண்ணக் கொண்டுபோய் விட்டுடக் கூடாது."

பொண்ணு என்று அவர் சொல்வது, தண்ணீர் பம்புகளின் இரைச்சலைக் கேட்டு, வரப்போகும் பழுதைச் சொல்லப் பழகும் ஒரு கணினி மாடலை. பம்ப் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புராஜெக்ட் தொடங்கி, அது ஓட வேண்டிய சர்வரோடு, அதாவது வேறிடத்தில் இருக்கும் பெரிய கணினியோடு, இணைக்க வேண்டும். சோதனைக்கு ஒரு சர்வர், நிஜ வேலைக்கு ஒன்று. புது புராஜெக்ட் திறந்தால், கடைசியாக இணைத்த சர்வரையே மென்பொருள் தானாகப் பிடித்துக்கொள்ளும். மாற்றுவது நம் பாடு.

நான் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, ஒருமுறை அண்ணி மாற்ற மறந்துவிட்டார். சோதனைக்காகக் கெடுத்து வைத்த இரைச்சல்களை நிஜமென்று நம்பி, எச்சரிக்கைமேல் எச்சரிக்கை போனது. பம்ப் நிலையத்து ஃபோர்மேன் ஆட்களோடு ஓடி, நல்ல பம்பைப் பிரித்துப் போட்டார். பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. "உங்க பொண்ணு வாயத் தொறந்தாலே புளுகுதும்மா. இனிமே அது கத்துனா நான் எந்திரிக்கிறதா இல்ல" என்றார் அண்ணியிடம். அவர் நம்பாவிட்டால் இத்தனை பாடும் யாருக்கு?

நான் திரும்பி வந்தபோது அறை கல்யாண வீடு போலிருந்தது. சோதனைக்குப் பச்சைத் திரை, நிஜத்துக்குச் சிவப்பு. இணைக்குமுன் யாராவது வந்து முகவரியை உரக்கப் படிக்க வேண்டும். அண்ணன் முகத்தில் சவர நுரையோடு வந்து படிப்பார்.

"இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?"

"பின்ன, அழகுக்கா?"

இணைப்பு கிடைத்ததும் அண்ணி மேசையை ஓங்கித் தட்டுவார்: "புடிச்சிருச்சு." எத்தனை முறையானாலும் அதே துள்ளல். எனக்கும் தொற்றிக்கொண்டது, நானும் படிக்க ஓடினேன்.

சென்ற மாதம், மூன்றாம் பம்பைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை வந்தது. அண்ணி ஃபோர்மேனுக்குப் போன் போட்டார்.

"சத்தம் நல்லாத்தானம்மா இருக்கு?"

"உங்க காதுக்கு நல்லாருக்குண்ணே. இந்த ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க."

ஃபோர்மேன் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அண்ணி புது புராஜெக்ட் எதையும் திறக்கவில்லை.

இன்று காலை ஃபோர்மேனிடமிருந்து செய்தி வந்தது. "இப்பத்தான் பிரிக்க முடிஞ்சது. பேரிங் உடையிற நிலைமை. மாத்தியாச்சு. அடுத்த நிலையத்துல உங்க பொண்ண எப்பம்மா மாட்டுறீங்க?"

அண்ணி சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரில் கையை நீட்டியபடி நின்றார்.