இரண்டு கையும் ஹேண்டிலில்

என் வீட்டுக்காரர் மோட்டார் லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை தோற்றார். வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. மூன்று தடவையும் அவரைத் தோற்கடித்தது ஒரே விஷயம்தான்: இன்ஸ்பெக்டர் தூக்கிய கை. இதைச் சொன்னால் இப்போது கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. அந்த லைசென்ஸை நம்பித்தான் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது நாங்கள் லாபுப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்த சமயம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, போகவர ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். பொழுது விடிந்தால் கேட் திறக்கும், பொழுது சாய்ந்தால் மூடும். நான் பதின்மூன்று வயதில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், தினமும் காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பேன். வேலை வாங்கும் மண்டோர் நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். "இருக்கேங்கய்யா" என்பேன். ஒன்பது வருஷமும் விடிந்தவுடன் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்திருந்தேன். அதற்குப் பிறகும் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன், கடையில் சாமான் கட்டித் தரும் தாளைக்கூட விடமாட்டேன். எங்கள் கம்பெனிக்கு லிங்கி போகும் பாதையில் இன்னொரு தோட்டம் இருந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் இருந்த டீச்சர் பயந்துபோய் டவுனுக்குப் போய்விட்டார். அங்கிருந்த பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டுப் பலகையில் எழுதச் சொன்னார், கணக்குப் போடச் சொன்னார், பிறகு "பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு வந்துடும்மா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் எப்படிப் போவது? அங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம் நெருக்கிக்கொண்டு இருந்தது, தங்க இடமில்லை. ஏழு மைல் காட்டுப் பாதை. யாரும் ஒத்தையாய்ப் போகக் கூடாது என்பது துரையின் உத்தரவு. என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்து ஆலையில்தான் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார், கம்பெனி லாரியில் தினமும் போய்வந்தார். லாரியில் பெண்களை ஏற்றக் கூடாது என்பதும் அதே துரையின் உத்தரவு.

"அப்ப நான் பறந்தா போறது?" என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்க் கேட்டேன்.

"ஒன் வீட்டுக்காரர்கிட்ட மோட்டார் இருக்குல்ல? பின்னால உட்காந்து போ. ஆனா எல் போர்டு வச்சிக்கிட்டு ஆள் ஏத்த முடியாது. முழு லைசென்ஸ் வேணும் லா" என்றார் கிராணி.

மோட்டார் இருந்தது உண்மை. சின்ன துரை தன் ஊருக்குத் திரும்பிப் போகும்போது என் வீட்டுக்காரரிடம் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள். அதைக் கழற்றி மாட்டிப் புதுசாக்கியிருந்தார். லைசென்ஸ் மட்டும்தான் இல்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. இதெல்லாம் மண்டோர் காதுக்கும் போயிற்று. அடுத்த நாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒன் நிரைய யாருக்கும் குடுக்கல புள்ள. எங்க போயிடப் போற?"

நிரை என்றால் நான் வெட்டும் மரங்களின் வரிசை. அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

முதல் டெஸ்டுக்கு நானும் சிரம்பானுக்குக் கூடப் போனேன். பாரோய்ப் பக்கம் போகும் ரோட்டில் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் எட்டுப் போட்டதைப் பார்த்திருக்க வேண்டும், கோலம் போட்ட மாதிரி! கைச்சைகை எல்லாம் சரி. கடைசியில் ஒன்றுதான் பாக்கி. இன்ஸ்பெக்டர் மரத்துப் பக்கமிருந்து திடீரென்று ரோட்டுக்கு வந்து கையைத் தூக்குவார். ஓட்டுகிறவர் தடுமாறாமல், வண்டி சாயாமல் சட்டென்று நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

நிறுத்தினார். ஒரு முழம் தள்ளி, ஆணி அடித்த மாதிரி நிறுத்தினார். பிறகு எஞ்சினை அணைத்தார். இறங்கினார். அடையாளக் கார்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். ஸ்டாண்டு போடாத மோட்டார் மெல்லச் சாய்ந்து இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தது.

யாரைக் குறை சொல்வது? எங்கள் கேட்டில் அப்படித்தான். துப்பாக்கிக்காரர் கையைத் தூக்கினால் இறங்க வேண்டும், கார்டை நீட்ட வேண்டும், கையைத் தூக்க வேண்டும். இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள், சீட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். வருஷக்கணக்கில் காலையும் மாலையும் செய்துசெய்து அது எங்கள் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

"சாயா லூப்பா, துவான்" என்றார் என் வீட்டுக்காரர், பல்லில் கார்டோடு. மறந்துவிட்டாராம்! இன்ஸ்பெக்டர் காலைத் தேய்த்துக்கொண்டே பேப்பரில் கோடு கிழித்தார்.

இரண்டாவது தடவையும் அதே கதை. ஒரு வித்தியாசம், இந்தத் தடவை ஸ்டாண்டை ஒழுங்காகப் போட்டுவிட்டு இறங்கினார். அதன் பிறகு நான் விடவில்லை. லயத்துத் திடலில் தினமும் சாயங்காலம் அவரை ஓட்ட வைத்து, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னாலிருந்து பாய்ந்து கையைத் தூக்குவேன். "எறங்காதீங்க! எறங்குனீங்க, இன்னிக்குச் சோறு கெடையாது!" என்று கத்துவேன். மூன்று நாள் பட்டினி கிடந்தார் மனுஷன்.

மூன்றாவது டெஸ்டில் இறங்கவில்லை. நிறுத்தவும் இல்லை. இறங்கக் கூடாது, இறங்கக் கூடாது என்று அதே நினைப்பில் போனவர், பிரேக்கை மறந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் ரோட்டோர லோங்கானில் குதித்துத் தப்பித்தார். அதில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர்.

மானம் கப்பலேறியது. நான் பஸ்ஸில் ஏறினேன், அவர் பின்னாலேயே மோட்டாரில் வந்தார். வீட்டுக்கு வந்ததும் அவரே மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இது வராது புள்ள. என்னை விட்டுடு."

பள்ளிக்கூடம் திறக்க நான்கு வாரம்தான் இருந்தது. மண்டோரின் சிரிப்பு கண்ணுக்குள் வந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே வாயில் வந்துவிட்டது: "அப்ப நான் ஓட்டுறேன். நீங்க பின்னால உட்காருங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார் போலிருக்கிறது. பிறகு கேட்டார்: "கிக்கர ஒதைக்க முடியுமா ஒன்னால?"

"பால் வாளி ரெண்டத் தூக்கிக்கிட்டு மேடு பள்ளமெல்லாம் ஏறுன காலு இது. கொண்டாங்க மோட்டார!"

மறுநாள் பால்வெட்டப் போகும் உடுப்பிலேயே திடலுக்குப் போனேன். அவருடைய பழைய முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரைக்கும் மூடுகிற சிலுவார். கொசுவுக்கும் அட்டைக்கும் பயந்து காலையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் போவோம், அதனால் உடுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் பேசினார்கள். பேசட்டும் என்று உதைத்தேன். கிளட்சைச் சட்டென்று விட்டேன். மோட்டார் என்னைத் தூக்கிக்கொண்டு நேரே மண்டோர் வீட்டுத் துணிக்கொடிக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. ஹேண்டிலில் மண்டோரின் கைலி சுற்றிக்கொண்டிருந்தது.

"என் கைலிக்கும் சேத்து லைசென்ஸ் எடுக்கப் போறியா?" என்றார் மண்டோர். திடலே சிரித்தது.

"ஒங்க கைலி எட்டுப் போடுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று கொடியில் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடியும் உதைத்தேன்.

என் வீட்டுக்காரர் பந்து விளையாடும் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்துகொள்வார். என்னைப் பார்க்கமாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். எஞ்சின் சத்தத்தை வைத்தே எல்லாம் சொல்லுவார். "ரெண்டாவது கியர் போடு, ரெண்டு போடு! அது அழுவுது பாரு!" "இப்ப விடு. ம், இப்பதான் சந்தோஷமா இருக்கு." ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் எனக்கும் புரிய ஆரம்பித்தது. இரண்டாம் வாரம் எட்டுப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவரைத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். பாய்ந்து வந்து கையைத் தூக்கினார். பிரேக் பிடித்தேன், நின்றேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் என் இரண்டு கையும் தலைக்கு மேலே இருக்கிறது! எப்போது தூக்கினேன் என்றே தெரியவில்லை. எதிரில் அவர், சிரிக்காமல் நின்றார். அது என்னை என்னவோ செய்தது. மூன்று நாள் பட்டினி போட்டேனே பாவி என்று நினைத்தேன். கையைக் கீழே இறக்கவே வெட்கமாக இருந்தது.

பத்துத் தடவை முயன்றோம். பத்துத் தடவையும் கை எழுந்தது. பதினோராவது தடவை எனக்குக் கோபம் வந்து, அவர் கையைத் தூக்கும்போதே கத்தினேன்: "நின்னுட்டேன்யா! நின்னுட்டேன்! இன்னும் என்னா வேணும்?" அந்தத் தடவை கை எழவில்லை. இரண்டும் ஹேண்டிலிலேயே இருந்தன.

அவர்தான் கண்டுபிடித்தார். "கேட்டுல யாராச்சும் பேசுறமா? மூச்சு விடுறமா? வாய மூடிக்கிட்டுத்தான கையத் தூக்குறோம். நீ வாய மூடாத புள்ள. ஒனக்குத்தான் அது நல்லா வருமே."

வேறு நாளாயிருந்தால் அந்தக் கடைசி வார்த்தைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

டெஸ்டு நாள். எல் போர்டோடு ஆள் ஏற்ற முடியாதே, அதனால் அவர் பஸ்ஸில், நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே மோட்டாரில். அது பஸ்ஸும் பட்டாளத்து லாரியும் ஓடும் தார் ரோடு, ஆகையால் துரையும் சரி என்றுவிட்டார். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி வழியாக இரண்டு விரல், மூன்று விரல் என்று காட்டிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என் பேப்பரை வாங்கினார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு லோங்கானைப் பார்த்தார்.

"இவர் உன் புருஷனா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமா துவான்" என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு, ஓட்டு என்று கை காட்டினார்.

எட்டுப் போட்டேன். கைச்சைகை காட்டினேன். ரோட்டின் கோடி வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒன்பது வருஷத்துப் பெரட்டு, கத்தி, மண்டோரின் சிரிப்பு எல்லாம் அந்த ஒரு துண்டு ரோட்டில் வந்து நின்றது. மரத்துப் பக்கம் தொப்பி தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். கை மேலே போனது.

"நின்னுட்டேன்! நின்னுட்டேன்யா! எறங்கமாட்டேன்! என்னா ஆனாலும் எறங்கமாட்டேன்!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. மோட்டார் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கையும் ஹேண்டிலில். விரல் வெளுத்துப் போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"என்ன சொல்கிறாய்?" என்றார் இன்ஸ்பெக்டர், தூக்கிய கையை இறக்க மறந்துபோய்.

"தக் துருன், துவான்" என்றேன். இறங்கமாட்டேன்.

அவர் முகம் கோணியது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சிக்கொண்டே பேப்பரில் கையெழுத்துப் போட்டார். பாஸ்! ரோட்டோரத்தில் நின்ற என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். அன்றைக்கு அவரை யாரும் தூக்கச் சொல்லவில்லை.

எல் போர்டை நானே பிடுங்கினேன். "ஏறுங்க" என்றேன். பின்னால் ஏறி உட்கார்ந்தார். சிரம்பானிலிருந்து லாபு வரைக்கும் அவர் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். லயத்துக்குள் நுழையும்போது மட்டும் சொன்னார்: "நல்லாத்தான் ஓட்டுற."

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று கேட் திறப்பதற்கு முன்பே மோட்டாரோடு போய் நின்றுவிட்டோம். பக்கத்திலேயே பெரட்டு. மண்டோர் நோட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். என் பெயரையும் கூப்பிட்டார், பழக்கமோ வேண்டுமென்றோ தெரியாது. வரிசையில் நின்ற பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"அந்த ஆளு வேற வேலைக்குப் போயிடுச்சு மண்டோரய்யா! பேர அடிச்சிடுங்க! நிரையையும் யாருக்காச்சும் குடுத்துடுங்க!" என்றேன். பெண்கள் குலவை போட்டார்கள். மண்டோர் பென்சிலை நாக்கில் தொட்டு, என் கண் முன்னாலேயே கோடு கிழித்தார்.

கேட்டில் கை தூக்கியபோது இறங்கினோம், கார்டை நீட்டினோம், கையைத் தூக்கினோம். அது தோட்டத்து கேட், வேறு வழியில்லை. சோதனை முடிந்து, போகலாம் என்றார்கள். உதைத்தேன். ஏழு மைலும் அவர் என் பின்னால், நான் முன்னால்.

பெரிய வாத்தியார் வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது பிள்ளைகள், முப்பது ஜோடிக் கண்கள். பதிவேட்டைப் பிரித்து முதல் பெயரைக் கூப்பிட்டேன்.

"உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது.