நான்காவது ஃபவுல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் கல்லூரி படித்தபோது, எங்கள் கூடைப்பந்து அணியில் ஒரே ஓர் இடம் காலியானது. போட்டிக்கு நாங்கள் இருவர். நான் கம்பத்தில் வாழைமண்டிக்காரர் மகன். அவன் மயிலாடும்பாறைக்காரன், மானாவாரி விவசாயக் குடும்பம். அணியில் சேர்ந்தால் விடுதியில் சாப்பாடு இலவசம். கிடைக்காவிட்டால் படித்தது போதும், ஊருக்கு வா என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். இது எனக்கு நன்றாகவே தெரியும். எனக்கு வேண்டியதெல்லாம் கல்லூரிப் பெயர் போட்ட பனியனோடு கம்பம் பஜாரில் ஒரு நடை நடப்பது. அவ்வளவுதான்.

கோடை விடுமுறையில் தேனியில் ஒரு பள்ளித் திடலைத் திறக்க எங்களை ஆடக் கூப்பிட்டார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடினோம். அதைப் பார்த்தே ஆளை எடுப்பேன் என்றார் டிரில் மாஸ்டர். விசிலும் அவர் கையில்.

அவன் என்னைவிட நல்ல ஆட்டக்காரன். அவன் கையை விரித்து மறித்தால் பந்தோடு தாண்ட முடியாது. ஆனால் சடுகுடுவில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்துச் சடுகுடுவில் தொடப்பட்டவன் தானாகவே வெளியேற வேண்டும். பிறர் சொல்லட்டும் என்று நிற்பவனை ஊரே காறித் துப்பும். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டான். உடம்பில் உடம்பு பட்டால் போதும், தப்பு யாருடையது என்று பார்க்காமல், தன்னுடையதுதான் என்று கையைத் தூக்கிவிடுவான்.

நான்கு ஃபவுல் ஆனால் ஆள் வெளியே. அன்று சீக்கிரமே அவனுக்கு மூன்று ஆகிவிட்டது. மூன்றாவதை அவனே கை தூக்கி வாங்கிக்கொண்டான்.

"ஏலே, விசில் எங்கிட்ட இருக்கா, உங்கிட்ட இருக்கா?" என்றார் மாஸ்டர். கூட்டம் சிரித்தது. எனக்குப் பொறி தட்டியது.

அடுத்த முறை பந்து என்னிடம் வந்ததும் நேரே அவனிடம் போனேன். அவன் நின்ற இடத்தில் அசையாமல் நின்றான். நானே தோளால் அவன் மார்பில் மோதி, "ஆத்தா!" என்று அலறி மல்லாந்தேன். மாஸ்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோய்த் தயங்கினார். அதற்குள் அவன் கை மேலே போய்விட்டது.

வெளியேறுமுன் என்னைத் தூக்கிவிட்டான். "பட்டுருச்சா மாப்ள?" என்றான். நான் விலாவைத் தடவிக் காட்டினேன். பழிகாரன் நான்.

பனியன் எனக்குக் கிடைத்தது. ஆனியில் கல்லூரி திறந்தபோது அவன் வரவில்லை.

நான்கைந்து வருடம் கழித்துத் தேனிச் சந்தையில் மொச்சை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, பக்கத்தில் நின்ற மனைவியிடம், "இவுக எங்கூடப் படிச்சாக. ஒரு நா ஆட்டத்துல கவனமில்லாம இடிச்சுப்புட்டேன், பாவம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப வலி ஏதும் இல்லையே மாப்ள?" என்று கேட்டான்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"எப்பவாச்சும் வலிக்கும்" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. அன்றாவது நான் கையைத் தூக்கியிருக்கலாம்.