கடல் பக்கம் என்று சொன்னேன்

1. குஞ்சுகள்

முதலில் குஞ்சுகளின் சத்தம் நின்றது. மணி அடித்தது அதற்குப் பிறகுதான்.

சரக்கு விமானத்தில் நான் லோடர். அறுபதுகளின் கடைசி. பழைய டகோட்டா. மீனம்பாக்கத்தில் சரக்கை ஏற்றி, கூடவே பறந்து, போய்ச் சேர்ந்த ஊரில் இறக்க வேண்டும். அன்றைக்குக் கல்கத்தா லோடு. மருந்துப் பெட்டிகள், துணிக் கட்டுகள், பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சுகள் நாற்பது அட்டைப்பெட்டி. குஞ்சுகள் ஓயாமல் கத்தும். இன்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

தை மாதக் காலை. மேகம் தாழ்ந்து கிடந்தது. ஏறிப் பத்து நிமிஷம் ஆகவில்லை. வடக்கே போய்க்கொண்டிருந்தோம். நான் பெட்டிகள் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது பெட்டியும் ஒரே நேரத்தில் அடங்கின.

ஒரு பெட்டியைத் தட்டினேன். சத்தமில்லை. மூடியில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்தேன். எல்லாம் உயிரோடு நின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

அப்போதுதான் முன்னால் தீ மணி அடித்தது.

2. பொத்தான்

கேப்டன் மெட்ராஸ்காரர். அதிகம் பேச மாட்டார். கோ-பைலட் நாயுடுப்பேட்டைக்காரர். என்னை நைனா என்பார்.

எந்த இன்ஜின் என்று காட்டும் விளக்கு இரண்டும் எரியவில்லை. இன்ஜினின் பின்பக்கம் அவர்கள் உட்காரும் இடத்திலிருந்து தெரியாது.

"எந்தப் பக்கம் நெருப்புன்னு பாத்துச் சொல்லு," என்றார் கேப்டன்.

ஜன்னலுக்கு ஓடினேன். குஞ்சுகள் பார்த்த பக்கம்தான். இன்ஜினுக்கு அடியில் மஞ்சளாகத் தீ. கீழே மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. இறக்கைக்கு அடியில் தண்ணீர். கரை தெரியவில்லை.

நான் பழவேற்காட்டு ஏரியில் படகு தள்ளி வளர்ந்தவன். எங்கள் குப்பத்தில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. கடல் பக்கம், கரை பக்கம். வலை வீசுவதற்கும் அதுதான், படகில் கஞ்சிப் பானை இருக்கும் இடத்தைச் சொல்வதற்கும் அதுதான்.

"கடல் பக்கம் சார்," என்றேன் முன்னால் ஓடிவந்து.

வடக்கே போகும்போது கடல் வலது பக்கம். கேப்டனின் தலைக்கு மேலே இரண்டு சிவப்புப் பொத்தான்கள். அழுத்தினால் அந்தப் பக்க இன்ஜின் நின்றுவிடும். அவர் விரல் வலது பொத்தானுக்குப் போனது. அது நல்ல இன்ஜின். அதை நிறுத்தியிருந்தால் மிச்சம் எரிகிற இன்ஜின் மட்டும்தான். மூன்று பேரும் அன்றே முடிந்திருப்போம்.

இதெல்லாம் அவர்கள் எனக்குப் பிறகு சொன்னது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். நான் நெருப்பைப் பார்த்தது கேப்டன் உட்கார்ந்திருக்கும் பக்கம். விரல் போவது கோ-பைலட் பக்கம். கேப்டனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அது இல்ல. உன் தோள் பக்கம்."

"கடல்னியே?"

"தண்ணி பாத்தேன். உன் தோள் பக்கம்தான் கீது." அவருடைய இடது தோளில் கையை வைத்தேன்.

கோ-பைலட் எட்டிப் பார்த்தார். "அது கடல் இல்ல நைனா. செங்குன்றம் ஏரி."

கேப்டன் இடது பொத்தானை அழுத்தினார்.

3. சோழவரம்

சத்தம் பாதியானது. தீ சிறுத்தது, அணையவில்லை. மீனம்பாக்கம் திரும்ப நேரமில்லை. சோழவரத்தில் யுத்த காலத்து ரன்வே ஒன்று சும்மா கிடந்தது. அதில் இறக்கினார்.

தீயணைப்பு சிலிண்டரும் மண்ணுமாக நெருப்பை அணைத்தோம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பனி. ரன்வே ஓரம் நெடுக வைக்கோல் மூடிய நெல் குவியல்கள். பனியில் அவை தலையில் முக்காடு போட்டுக் குந்தியிருக்கும் ஆட்கள் மாதிரி இருந்தன. உள்ளே குஞ்சுகள் இன்னும் கத்தவில்லை.

ஒரு குவியல் எழுந்தது.

கோ-பைலட் என் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பளி போர்த்திய நெல் காவல்காரர்தான்.

"இன்னாபா, ஒரு அடி தள்ளி வந்துருந்தா என் மேலயே எறக்கிருப்பீங்க போல," என்றார்.

அவர் குரல் கேட்டதும் நாற்பது பெட்டியும் கத்தின.

"உள்ள இன்னா அது?"

"கோழிக்குஞ்சு," என்றேன்.

"நான் பயந்ததுக்கு ரெண்டு குடுத்துட்டுப் போ."

கேப்டன் அப்போதுதான் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னைப் பாத்து 'உன் தோள்'னு சொன்ன மொத லோடர் நீதான்."

"தப்பா நெனச்சிக்காதீங்க சார்."

"அது சரியாத்தான் சொன்ன. கடல்னு மட்டும் இனிமே சொல்லாத."

இன்ஜின் மாற்றி விமானம் திரும்பி வந்ததும் சாக்பீஸ் வாங்கினேன். உள்ளே ஒரு சுவரில் 'கேப்டன்' என்று எழுதினேன். எதிர்ச் சுவரில் 'கோ-பைலட்'. அழியும்போதெல்லாம் திரும்ப எழுதினேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்லாதே. கேட்கிறவர் கை வைக்கிற பக்கத்தைச் சொல்.

இன்னொன்று. பெட்டிகளில் ஓட்டை மேல் மூடியில் மட்டும்தான். அந்தக் குஞ்சுகளுக்கு முன்னால் இருந்தது அட்டைச் சுவர். எதைப் பார்த்து நின்றன என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பல வருஷம் குஞ்சு லோடு ஏற்றினேன். அவை கத்திக்கொண்டிருக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் அடங்கினால் எழுந்து போய், கேப்டன் பக்க ஜன்னலில் முதலில் பார்ப்பேன்.