காட்டூருக்கு முன்பே போய்விட்ட செய்தி

சாவு வீட்டுத் தெருமுனை வந்ததும் நிருபர் அண்ணன் மைக்கைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். திருச்சியில் இருபது வருடத்துக்கும் மேல் டி.வி.க்குச் செய்தி கொடுத்தவர். நான் அவருடைய கேமராமேன். செத்தவர் பெயரை, வீட்டுக்குத் தெரியுமுன் சேனலுக்குக் கொடுக்க மாட்டார். போலீஸ் சொல்லாவிட்டால் தானே போய்ச் சொல்லிவிட்டு வருவார். சென்னையில் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆபீஸுக்கு இந்த வழக்கம் வேப்பங்காயாகக் கசந்தது.

ஓர் ஆடி மாதம். காவிரியில் தண்ணீர் புரண்டு ஓடியது. ஸ்ரீரங்கம் படித்துறையில் குளித்த ஒருவரை ஆறு இழுத்துக்கொண்டு போய், கடைசியில் உடல்தான் கிடைத்தது. படியில் கழற்றி வைத்திருந்த சட்டைப்பையில் ஆதார் அட்டை, காட்டூர் முகவரி. "வீட்டுக்குச் சொல்லிட்டுத் தரேன், அரை மணி நேரம் பொறுங்க" என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு அண்ணன் பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. "மத்த சேனல் முந்திடும். பேரை மட்டும் அனுப்புங்க. உங்களுக்கும் வேலை வேணும்ல?" எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அலைகிற கூட்டம்! அவர்களைத் திட்ட எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? பால்பண்ணைச் சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றபோது பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

காட்டூரில் அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. இறந்தவரின் மனைவி கையில் கரண்டியோடு டி.வி. முன்னால் நின்றிருந்தார். திரையின் அடியில் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்து, "அதே பேர்ல வேற யாரோதானே சார்?" என்று கேட்டார். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் டி.வி.யை அணைத்தார். "உக்காருங்கம்மா" என்றார்.

தெருமுனைக்கு வந்து அண்ணன் ஆபீஸுக்குப் போனில் போட்ட சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். "மனுஷங்களாய்யா நீங்க?" மறுமுனையில், "நாமதான் சார் முதல்ல கொடுத்தோம்" என்று சந்தோஷம்! அனுப்பியது யார் என்று கேட்டார். அவர்கள் சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரமே வேகம் போதாதென்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தனை வருட உழைப்புக்கு ஒரே ஒரு போன்! அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கே.கே. நகர் வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போனபோது காபி கொடுத்தார். கிளம்பும்போதுதான் சொன்னார்: "யார் அனுப்பினதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தம்மாகிட்ட ஒரு தடவை போய்ச் சொல்லிட்டு வா."

இப்போதும் அதே ஆபீஸ் அதே அவசரத்தோடு பெயர் கேட்கிறது. அரை நிமிடத்தில் கொடுத்துவிடுகிறேன். வேகமான நிருபர் என்று பாராட்டுகிறார்கள். தஞ்சாவூர் ரோட்டில் வாரம் இரண்டு தடவையாவது போகிறேன். காட்டூர் வந்ததும் வண்டியை முறுக்கிக்கொண்டு தாண்டிவிடுகிறேன்.