ராய் டிரான்டரின் இருக்கை

கிளின் ஹாட்லி இங்கிலாந்தின் வால்சால் நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலைநிறுத்தம் என்றால் பணிமனை வாசலில் முதல் ஆளாக நிற்பார். இளமையில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்ததைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

காரணம் உண்டு. அந்தக் குழுவின் முதல் டிரம்ஸ்காரர் ராய் டிரான்டர். குழுவின் வாத்தியப் பெட்டிகளைத் தூக்கும் தொழிலாளர்களைத் தூங்கவிடாமல் மேலாளர் ஊர் ஊராக விரட்டியதில், ஒருவர் லாரியிலிருந்து விழுந்து காலை இழந்தார். "அவனுக்கு ஒரு வழி பண்ணுங்க, அப்புறம் வாசிக்கிறேன்" என்றார் ராய். மறுநாள் அந்த இருக்கையில் பத்தொன்பது வயது கிளின் உட்கார்ந்தார். அவருடைய அப்பா பூட்டுத் தொழிற்சாலையில் தொழிற்சங்கச் செயலாளர். அதன்பின் அவர் மகனோடு ஒரு மேசையில் சாப்பிடவில்லை.

விதி என்று சொல்லித் தப்பிக்க இதில் ஒன்றுமில்லை. ஒருவர் நியாயம் கேட்டார். இன்னொருவர் அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

போன வருடம் லண்டன் விருது விழாவில் பழைய குழு மறுபடி சேர்ந்து வாசிக்க அழைப்பு வந்தது. ஒத்திகைக்கு வந்த பாடகர் டெஸ் திகைத்து நின்றார். டிரம்ஸ் முழுவதும் இடம் வலமாக மாறியிருந்தது.

"என்னடா, கண்ணாடியப் பாத்து அடுக்குனியா?"

"ராய் இடக்கைக்காரன்டா. வரச் சொல்லியிருக்கேன்."

"விருதுல உன் பேரப் பொறிச்சிருக்கானுங்க, மடையா."

"அதான் எனக்குத் தூக்கம் வரல."

ராய் வந்தார். டிரம்ஸைப் பார்த்தார், உட்காரவில்லை.

"லாரியிலேருந்து விழுந்தானே, அவன் பேரு என்ன கிளின்?"

கிளினுக்குத் தெரியவில்லை. கேட்டதே இல்லை.

"நார்மன் பிகின். அந்தப் பேர மேடையில சொல்லு. நான் வாசிக்கிறேன்."

விழாவில் டெஸ் ஒலிவாங்கியை விட்டுத்தர மனமில்லாமல் பிடித்திருந்தார். கிளின் பிடுங்கி, அந்தப் பெயரையும் தான் செய்ததையும் சொன்னார். யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள். ராய் குச்சிகளை எடுத்தார்.

கிளின் மேடைக்குப் பின்னால் போனார். அங்கே பெட்டி தூக்குபவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க சார்" என்று ஒருவர் நாற்காலியை நகர்த்தினார்.

"அது உன் இடம்ப்பா" என்றார் கிளின். பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.