டீவி சாருக்கு முன்னால் ஒரு பெரட்டு

"…நரச்ச தலையோட போயி, பெத்த மகளுக்குப் பின்னால வாங்குப் பலகையில உக்காந்து கணக்குப் போட்டா இந்த லயமே சிரிக்காதா? நீங்க ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணிப்புட்டா நான் ஓடியாந்து ஏறிக்குவேன்னு நெனச்சீங்களாக்கும்."

இதைச் சொன்னவர் என் மனைவி. நான் ஆட்டோவை அணைத்தேன். பெட்ரோலாவது மிஞ்சட்டும்.

கதையை ஊரடங்கிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும். கொரோனா என்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பஸ்ஸை நிறுத்தினார்கள். இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் ஓடிக்கொண்டிருந்த என் ஆட்டோ, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தின் மூலையில் படங்குத் துணிக்குள் சுருண்டு படுத்துவிட்டது. தேயிலை மலைகளில் மட்டும் வேலை நிற்கவில்லை. "கொழுந்துக்கு ஊரடங்கு தெரியுமா?" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா, முகத்தில் மாஸ்க்கும் முதுகில் கூடையுமாக. அவருடைய வாயிலிருந்து விழுகிறவற்றைப் பொறுக்கிச் சேர்த்தே நான் பாதிப் பேச்சு கற்றவன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு பல்கலைக்கழகம் ஏது?

என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் உதவியாள். அம்மாமார் மலைக்குப் போனபின் குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, தொட்டில் ஆட்டி, மூக்குத் துடைத்துவிடும் வேலை. பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கக் கூடாதென்று அதையும் கொஞ்ச நாள் மூடிவிட்டார்கள். ஆக, வேலையில்லாத நானும், தொட்டில் இல்லாத அவளும், பள்ளிக்கூடம் இல்லாத மகளும் ஒரே காம்பராவுக்குள். மகள் அந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். டீவியில் தினமும் காலையில் பாடம் நடக்கும் என்று அவளுடைய டீச்சர் போனில் சொன்னார்.

அன்றிலிருந்து என் மனைவி எங்கள் வீட்டைப் பெரட்டுக் களமாக்கிவிட்டாள். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் போட்டு மலைக்கு அனுப்புவார்களே, அதே மாதிரி. பாடம் தொடங்குவதற்கு முன்பே மகளும் நானும் முகம் கழுவி, டீவிக்கு முன்னால் ஆஜராக வேண்டும். பிந்தி வந்தால் அரைப்பேர். மலையில் அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம்; எங்கள் வீட்டில் பாதிக் கோப்பைத் தேத்தண்ணி. மகளுக்குப் பரீட்சை, எனக்கெதற்கு அரைப்பேர் என்று கேட்டேன். சும்மா இருக்கிறவர் சும்மா இருந்தால் பிள்ளையும் சும்மா இருக்கும் என்று பதில் வந்தது. நான் அந்த மாதத்தில் முழுக் கோப்பை குடித்த நாட்கள் குறைவு.

மழைக்கு எங்கள் டிஷ் பிடிக்காது. வானம் மப்புக் கட்டினாலே படம் துண்டு துண்டாக உடையும். நான் கூரைத் தகரத்தில் ஏறி, டிஷ்ஷுக்குக் குடை பிடித்துக்கொண்டு, வருதா வருதா என்று கத்துவேன். ஒருநாள் உள்ளிருந்து மகள், "சாரு இடுப்புக்கு மேலதான்ப்பா வர்றாரு" என்றாள். "அப்ப அவருக்கும் அரைப்பேரு போடச் சொல்லு ஒங்கம்மாவ" என்றேன். டீவி சாரைக் கிண்டல் செய்ததற்காக அன்று எனக்கு அரைக் கோப்பையும் இல்லை.

அவரிடம் என் மனைவிக்கு அவ்வளவு மரியாதை. கணக்கு சார் திரையில் வந்து வணக்கம் சொன்னால் இவள் எழுந்து நிற்பாள். துரைமாருக்கு முன்னால் நின்று பழகிய கால்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரும் துரை மாதிரித்தான். விளங்குதா பிள்ளைகளே என்று அவர் கேட்டால், வெளங்குதுங்க சார் என்பாள். நடுவில் உலை பொங்கினால், கொஞ்சம் இருங்க சார் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடுவாள். திரும்பி வருவதற்குள் அவர் இரண்டு கணக்கு தாண்டியிருப்பார். இவளுக்குக் கோபம் வரும். பக்கத்துக் காம்பரா அக்கா இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, லயத்துப் பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் நடித்துக் காட்டியதாகக் கேள்வி.

மகள் மட்டும் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். தமிழ்ப் பாடத்துக்கு அம்மா வெங்காயம் உரிப்பாள், வரலாற்றுக்கு அரிசி புடைப்பாள். கணக்கு வந்தால் கை சும்மா இருக்கும்.

எனக்கு அது விளங்கியது வேறொரு காலையில். மகள் சிக்னல் தேடித் தண்ணித் தொட்டிப் பக்கம் போனைத் தூக்கிக்கொண்டு மேலே போயிருந்தாள். சார் கேட்டார்: ஆறு பேர் நான்கு நாளில் செய்யும் வேலையை எட்டுப் பேர் எத்தனை நாளில் செய்வார்கள்? எட்டுப் பேர் சேர்ந்தால் கதை பேசியே ஆறு நாளாக்கிவிடுவார்கள் என்பது என் விடை. மனைவியின் விரல் தரையில் எதையோ கிறுக்கியது.

"மூணு நாளு" என்றாள். சாரும் மூன்று நாள் என்றார். "மழ வந்தா நாலு" என்று அவருக்கு ஒரு திருத்தமும் சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். பார்த்தவுடன் விளக்குமாற்றைத் தேடினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் அம்மா அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறார். கணக்கில் சித்தி, அதாவது பாஸ், இருந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று தோட்டத்து அலுவலகத்தில் இவளிடம் சொல்லியிருந்தார்கள். இவள் அதே சாதாரண தரம், ஓ.எல்., எழுதிய காலத்தில் எல்லாப் பாடமும் கை கொடுத்து, கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. பிறகு கல்யாணம், பிறகு தொட்டில்கள். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து யாராவது வந்தால், வயதில் பாதி இருக்கிற பிள்ளைக்கு இவள் உதவியாளாக இருந்தே காலம் போகும். அதை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததைத்தான் தினமும் டீவிக்கு முன்னால் எழுந்து நின்று செய்துகொண்டிருந்தாள்.

கணக்கை மட்டும் பள்ளிக்கூடத்தில் சேராமலே வெளியாளாக எழுதலாம் என்று மகளின் டீச்சர் சொன்னார். தாயும் மகளும் ஒரே மண்டபமாகவும் இருக்கலாமாம். மகள் சந்தோஷத்தில் குதித்தாள். அம்மா, நீங்க முன்னுக்கு உக்காருங்க, நான் பாத்து எழுதுறேன் என்றாள். விண்ணப்பத்தை நிரப்பியாகிவிட்டது. ஊரடங்கைத் தளர்த்திய ஒரு காலை, ஜி.எஸ். என்கிற கிராம சேவகரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கக் கடைசி நாள். நான் படங்கை உருவி, ஆட்டோவைத் துடைத்து, ஸ்டார்ட் செய்தேன். அப்போது வந்ததுதான் அந்த நரைத்த தலைப் பேச்சு.

எனக்குத் தெரிந்த பழமொழிகளை எல்லாம் இறக்கினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றேன். பழமொழி சொல்வது லேசு, பீலிக்குத் தண்ணிக்குப் போகிறது நீங்களில்லையே என்றாள்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குதிப்பெல்லாம் அடங்கிப் போயிருந்தது. "சிரிச்சா சிரிக்கட்டும்மா" என்றாள், மெதுவாக. "நான் ஃபெயிலானாலும் சிரிக்கத்தான் செய்வாங்க. அதுக்காக என்னய எழுத வேணாம்னு சொல்லுவீங்களா?"

மனைவி பீலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அன்று மலையில் வேலை கொடுக்கவில்லை. பீலியடியில் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பக்கத்துக் காம்பரா அக்காவின் குரல் இங்கு வரைக்கும் கேட்டது.

வாசலில் தளும்பத் தளும்ப இருந்த வாளியைத் தூக்கி, தண்ணீர் முழுவதையும் லீக்ஸ் பாத்தியில் கவிழ்த்தாள். வெறும் வாளியோடு விறுவிறுவென்று பீலிக்கு இறங்கிப் போனாள். "அக்கா, நானும் எம் மகளோட கணக்குப் பரீட்ச எழுதப் போறேன். சிரிக்கிறவுங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க, நான் ஜி.எஸ். ஆபீசுக்குப் போகணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, வாளியைக் குழாய்க்கடியில் வைத்தாள்.