தனம் அக்காவின் ஓட்டலும் என் தொப்பிக் கடையும்

செய்தி வந்தபோது நான் ஒரு பெரியவருடைய மொட்டைத் தலைக்குத் தொப்பி பொருத்திக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். போனில் தனம் அக்காவின் மகள் ரேவதி. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். "சரிம்மா, வரேன்" என்றேன். போனை வைத்துவிட்டுப் பெரியவரிடம், "இது இறுக்கமா இருக்குது, அடுத்த சைஸ் பாருங்க" என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். நீலம் வேண்டாம் என்றார். பழுப்பில் எடுத்தேன். அவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்து, வாங்கிக்கொண்டு போன பிறகுதான் ஷட்டரை இறக்கினேன். எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

நம் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் பாதிப் பேர். தமிழ் எழுதத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் அஞ்சலி மலருக்குத் தனம் அக்காவைப் பற்றித் தமிழில் எழுதும் வேலையைக் கடைக்காரர்கள் என் தலையில் கட்டினார்கள். அவர் ஓட்டலுக்கு அடுத்த கடை என்னுடையது, இருபத்திரண்டு வருடப் பழக்கம், எழுத வேண்டியவன் நான்தான் என்றார்கள். அது சரிதான். எவ்வளவு சரி என்பது அவர்களுக்குத் தெரியாது.

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெருவுக்கு நான் புத்தூரிலிருந்து இரண்டு மூட்டைத் தொப்பிகளோடு வந்தபோது அக்காவின் ஓட்டல் ஏற்கெனவே இருந்தது. நகரிக்காரர். கணவர் போன பிறகு கைக்குழந்தையோடு வந்து, நான்கு மேசை போட்டு ஆரம்பித்தவர். முதல் நாளே நான் கயிறு கட்டித் தொப்பிகளைத் தொங்கவிட்டேன். அக்கா கையில் துடைப்பத்தோடு வந்து நின்றார். "இன்னாப்பா, என் போர்டு மேல உன் தொப்பிய மாட்டிக்கினா இங்க இட்லி கெடைக்கும்னு ஜனங்களுக்கு எப்டிப்பா தெரியும்?" என்றார். கயிற்றை அவிழ்த்து இந்தப் பக்கம் கட்டினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'தொப்பி'தான். என் சொந்தப் பெயர் அவருக்குக் கடைசி வரை தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்.

அந்த ஓட்டலில் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு சாம்பார் கதை தெரியும். அடுப்பில் எப்போதும் இரண்டு அண்டா இருக்கும். ஒன்று ஏறும் சாம்பார். மலைக்குப் போகிறவர்களுக்கு, வெங்காயம் பூண்டு இல்லாதது. இன்னொன்று இறங்கும் சாம்பார். சாமி பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, சின்ன வெங்காயம் மிதக்கும், காரம் தூக்கலாக இருக்கும். போர்டில் இதெல்லாம் எழுதியிருக்காது. யாருக்கு எது என்பதை ஆளைப் பார்த்து அக்காவே சொல்வார். ஒருமுறை பத்துப் பேர் மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். சர்வர் இறங்கும் சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டார். "யோவ், அத கீழ வை. அவங்க இன்னும் ஏறல" என்று கல்லாவிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். கேட்டால் உண்மைதான். பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு அப்படியே இங்கே வந்தவர்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தலையில சந்தனம் காய்ஞ்சி ரெண்டு நாளாச்சி. அதுகூடத் தெரியாம நீ இன்னாத்த தொப்பி விக்கிற?" என்றார்.

சாயங்காலம் ஆனால் நம் தெருவின் முகமே மாறிவிடும். பேருந்துகள் வந்து ஆட்களை இறக்கும். லாட்ஜ்காரர்கள் நான்கு மொழியில் கூவுவார்கள். பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம், ஜூஸ் மிக்சி, பொம்மைக் கடை விளக்குகள், நடுவில் படுத்திருக்கும் மாடு. அந்தக் கூட்டத்தில் ஒருநாள் ஒரு பிரியாணி வண்டிக்காரர் அக்காவின் சைவ ஓட்டலுக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்திவிட்டார். சண்டைக்கு நாங்கள் எல்லோரும் தயாராக இருந்தோம். நான்தான் முன்னால் நின்றேன், எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அக்கா வந்து வண்டிக்காரரிடம், "பொட்டலம் கட்ட எல இருக்குதா? பின்னாடி வந்து என்கிட்ட வாங்கிக்க. எலும்ப மட்டும் என் வாசல்ல போடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "இன்னாக்கா இப்டி விட்டுட்ட?" என்று கேட்டேன். "விரதம் இருந்து எறங்கினவனுக்குக் கறி துன்ன ஆச இருக்காதா? மேல போறவன் பசிய மறைச்சிப்பான், கீழ வரவன் மறைக்கமாட்டான். ரெண்டு பேரும் மனுசந்தான்" என்றார். அந்த வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

போன ஆவணி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் அக்கா என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கடை வாசலோடு நின்று பேசுகிறவர், உள்ளே வந்து உட்கார்ந்ததே இல்லை. வயிற்றில் கட்டி, புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். தெருவில் தெரிந்தால் நோய்க்காரி ஓட்டலில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ரேவதிக்குத் தெரிந்தால் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள் என்றார்.

"ரேவதி கொழந்தையா இருந்தப்ப ஒரு வாரம் கண்ணே தொறக்கல. புள்ள பொழச்சா முழு முடியையும் குடுக்கறேன்னு பெருமாள்கிட்ட வேண்டிக்கினேன்" என்றார். "பொழச்சிட்டா. நாந்தான் இன்னிக்கி நாளைக்கின்னு தள்ளிக்கினே வந்துட்டேன். இப்போ மருந்து ஏத்தினா மூணு வாரத்துல முடியெல்லாம் கொட்டிப்பூடுமாம். அதுக்கு முன்னாடி போய்க் குடுத்துட்டு வந்துடணும். நிக்க முடியல, மயக்கமா வருது. கூட ஒரு ஆள் வேணும். நீ கூட்டிகினு போறியா?"

முழங்காலைத் தொடும் முடி அவருக்கு. சாப்பாட்டில் விழுந்துவிடும் என்று எப்போதும் இறுக்கிக் கொண்டை போட்டுத் துணி கட்டியிருப்பார். அதனால் உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வியாழக்கிழமை போகலாம் என்றேன். அன்று காலையில் புரட்டாசிச் சரக்கு லாரியில் வந்து இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை போகலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை சேலத்துப் பக்கமிருந்து ஐந்து பேருந்து வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கடை வாசலில் மொட்டைத் தலைகள் வரிசை கட்டி நின்றன. அக்கா குளித்து, மஞ்சள் புடவை கட்டி, தலைமுடியை அவிழ்த்து நுனியில் முடிச்சுப் போட்டு, ஓட்டல் படியில் தயாராக நின்றார். நான் இங்கிருந்தே, "அக்கா, கூட்டத்த பாத்தியா? புரட்டாசி போவட்டும், ஐப்பசி ஒண்ணாந்தேதி போயிடலாம். மல எங்க ஓடிடப் போவுது?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். "சரி, நீ வியாபாரத்த பாரு" என்று சொல்லி உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். கோபமாகச் சொல்லவில்லை. சீசன் நாளில் ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரரிடம் சொல்வதைப் போலத்தான் சொன்னார். அடுத்த நாள் அவருக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மாதாந்தரப் பரிசோதனை என்று சர்வரிடம் சொல்லிவிட்டுப் போய் வந்தார்.

மலைக்குப் பேருந்து நம் தெருமுனையிலிருந்துதான் புறப்படுகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. எங்கெங்கிருந்தோ இரண்டு நாள் பயணம் செய்து வருகிறவர்கள் எல்லாம் போய்விட்டு வந்துவிடுகிறார்கள். அடிவாரத்திலேயே இருக்கிற நமக்குத்தான் நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று தோன்றும். இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. எனக்குச் சமாதானம் எதுவும் இல்லை.

புரட்டாசி கடைசி வாரத்தில் ஒரு காலை. கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அக்கா வந்தார். "தொப்பி, ஒரு சந்தனப் பொட்டலம் குடு" என்றார். மொட்டைத் தலையில் குளிர்ச்சிக்குப் பூசுகிற சந்தனம், தொப்பியோடு அதையும் விற்கிறேன். எதற்கென்று கேட்டேன். முக்காட்டை விலக்கினார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, மிச்சத்தை ரேசரால் அவரே எடுத்துவிட்டிருந்தார். அந்த முடி எங்கே என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. "ஓட்டல்ல முடிய வச்சிக்குவாங்களா? கூட்டித் தள்ளிட்டேன்" என்றார்.

ஒரு தொப்பியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "தொப்பி போட்டாத்தான் இன்னாத்துக்கு மறைக்கிறாள்னு கேப்பாங்க. நம்மூர்ல மொட்டையப் பாத்து யாரு சந்தேகப்படுவாங்க?" என்றார். என் கடைக் கண்ணாடியில் பார்த்து, தலை முழுவதும் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டார். பின்கழுத்துப் பக்கம் விட்டுப்போயிருந்தது. நான் பூசிவிட்டேன்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். பூக்கடைக்காரம்மா தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்து பிரசாதம் கேட்டார். சாப்பிட வந்தவர்கள், "தர்சனம் பாக அயிந்தா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார்கள். "பாக அயிந்தி" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். தரிசனம் நன்றாக ஆயிற்று என்று. ஒரு நாளைக்கு இருபது முறை இந்தக் கேள்வி வரும். நடுவில் ஒரு சுவர்தான், எனக்கு எல்லாம் கேட்கும். நான் தொப்பி மடித்துக்கொண்டிருப்பேன். மாதங்கள் ஆகியும் முடி வளராதபோது, மூன்று மொட்டை வேண்டுதல் என்று சொல்லிவிட்டார். அதையும் நம்பினீர்கள். ஊர் முழுக்க மொட்டைத் தலை நடமாடுகிற ஊரில் வேறு எப்படி நினைப்பீர்கள்?

ஐப்பசி ஒன்றாம் தேதி வந்தது. நாங்கள் இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தடவையாவது அவர் என்னைத் திட்டியிருக்கலாம். போர்டை மறைத்ததற்கு அவ்வளவு திட்டியவர்.

கடைசி மாதம்தான் ரேவதிக்கு நோய் தெரிந்தது. வந்து கூட இருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், ஓட்டல் சாவியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, எனக்காக வேண்டிக்கின முடிய நல்லா இருக்கும்போதே குடுத்துட்டதா அம்மா சொன்னாங்க. இல்லன்னா இப்போ எனக்குத் தாங்கியிருக்காது" என்றாள். "நீங்கதான் கடைய சாத்திட்டுக் கைய பிடிச்சிக் கூட்டிகினு போனீங்களாம். சீசன்ல எவன் கடைய சாத்துவான், தொப்பி சாத்தினான்னு சொல்லிக்கினே இருந்தாங்க."

சொல்லிவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். இரண்டு சாம்பாரையும் பிரியாணி வண்டியையும் எழுதி முடித்திருக்கலாம். எல்லோருக்கும் பிடித்திருக்கும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, நான் செய்யாத ஒன்றைச் செய்ததாக அவர் தன் மகளிடம் சொல்லிவைத்த அந்தப் பேச்சுதான். மகள் பயப்படாமல் இருக்கட்டும் என்று சொன்னாரா, என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அதை வைத்துக்கொண்டு என்னால் கடையில் உட்கார முடியவில்லை.

ரேவதி, நீ ஐந்தாம் வகுப்பு வரை நகரியில் பாட்டி வீட்டில் தங்கித் தமிழில் படித்தவள். மெதுவாக எழுத்துக் கூட்டியாவது இதைப் படித்துவிடுவாய். நானும் உன் அம்மாவும் மலைக்குப் போகவில்லை. அவர் தயாராக வந்து படியில் நின்றார். நான் தொப்பி விற்றுக்கொண்டிருந்தேன். உன் கும்பிடு எனக்குச் சேர வேண்டியது இல்லை. அந்த வேண்டுதல் இனி என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்காக நீ போய்வர வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் சொல். என்னோடு வர உனக்கு மனமில்லை என்றாலும் சொல், பத்தடி தள்ளிப் பின்னால் வருகிறேன். நீ சொல்கிற நாளில் நான் கடை திறக்கமாட்டேன்.